நடுச்சாமத்தில் வைத்தியசாலைக்கு ஓடாமல் இருக்க

கடைசிக் காலத்தை வீட்டிலேயே கழிக்கட்டும் என்று குடும்பம் ஒருமனதாக முடிவெடுக்கும். நோயாளியும் அதைத்தான் கேட்டிருப்பார். இரண்டு கிழமை நன்றாகப் போகும். பிறகு ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு வீடே பதறி 1990 அம்புலன்சுக்கு அழைக்கும். விடியும்போது அவர் வாட்டில், தெரியாத முகங்களுக்கு நடுவில் கிடப்பார். நோய் திடீரென்று முற்றிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அநேகமாக அது காரணமாக இருப்பதில்லை. வலிக் குளிசை முடிந்திருக்கும். நாலு நாளாக மலம் போயிருக்காது. சலம் அடைபட்டிருக்கும். தொண்டையில் சளி கரகரத்திருக்கும். இல்லாவிட்டால் அவர் இரவில் ஆள் அடையாளம் தெரியாமல் எழும்பிப் போகப் பார்த்திருப்பார். இந்த ஐந்தும் வரக்கூடும் என்று முதலே தெரியும். ஆகவே அதற்கான ஆயத்தத்தையும் முதலே செய்துவைக்கலாம்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. டயலிசிஸ் வேண்டாம் என்று நிறுத்தியவர், ஈரல் பழுதானவர், இருதயம் பலவீனப்பட்டவர், பாரிசவாதம் மறுபடி அடித்துப் படுக்கையில் விழுந்தவர் என்று எல்லாருக்கும் இதே பராமரிப்புத்தான்.

முதல் வேலை கடதாசி வேலை. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ மட்டக்களப்பிலோ சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் என்றால், மருந்து எழுதிய வைத்தியர் தூரத்தில் இருப்பார். இந்த மருந்துகளைத் திருகோணமலையிலேயே தொடர்ந்து கொடுக்கும்படி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டைப் பக்கம் உள்ளவர்கள் தங்கள் ஊர் வைத்தியசாலையில் எந்த மருந்து கிடைக்கும், எதற்கு நகரத்துக்கு வரவேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். டயக்னோசிஸ் காட் (நோய் விபர அட்டை), கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கடைசியாகப் பார்த்த வைத்தியரின் பெயர் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியவேண்டும். வைத்தியசாலையில் பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருக்கிறாரா, வீட்டுக்கு வந்து பார்ப்பாரா என்று வீட்டுக்கு விடும்போதே விசாரியுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

வலி

மோர்பின் என்றதும் இரண்டு பயம் எழும்பும்: அடிமையாகிவிடுவார், உயிர் சீக்கிரம் போய்விடும். வலிக்கு அளவாக, வைத்தியர் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. கெடுதி வருவது, பயத்தில் "தாங்க ஏலாத நேரம் மட்டும்" கொடுப்பதால். வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு கொடுத்த குளிசை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் களைத்துப்போவார், அடுத்த வேளையையும் பயத்தோடுதான் எதிர்பார்ப்பார். மருந்து மணிக்கூட்டைப் பார்த்துத்தான் போகவேண்டும். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது சரிவராது.

சாதாரண மோர்பின் குளிசை ஏறத்தாழ 4 மணி நேரம் வேலை செய்யும். அதனால் காலை 6, 10, பகல் 2, பின்னேரம் 6, இரவு 10 என்று எழுதுவார்கள். இரவு 10 மணி வேளையை இரட்டிப்பாக்கி, 2 மணிக்கு எழுப்பாமல் விடும் முறையும் உண்டு. அதை வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும். தொடக்க அளவு பொதுவாக ஒரு வேளைக்கு 5 மி.கி. மெலிந்த, வயது போனவருக்கு 2.5 மி.கி. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவையும் குறைப்பார்கள், இடைவெளியையும் நீட்டுவார்கள். மோர்பினின் கழிவு சலத்தோடுதான் வெளியேறவேண்டும், அது உடம்பில் தேங்கினால் கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கத் தொடங்கும்.

இடையில் முறித்துக்கொண்டு வரும் வலிக்கு மேலதிக வேளை ஒன்று இருக்கவேண்டும். அது வழக்கமாக நாள் மொத்தத்தில் ஆறில் ஒன்று: நாளுக்கு 30 மி.கி. என்றால் மேலதிக வேளை 5 மி.கி. எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதாது என்று அர்த்தம். அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினால், வைத்தியருக்கு அளவைக் கூட்டுவது நிமிட வேலை. கொப்பி இல்லாமல் "சரியான வலி டொக்டர்" என்று சொன்னால் அவரும் இருட்டில்தான் தடவுவார்.

12 மணி நேரம் மெதுவாக வேலை செய்யும் மோர்பின் குளிசையை உடைக்கவோ அரைக்கவோ தண்ணீரில் கரைக்கவோ கூடாது. விழுங்கக் கஷ்டப்படும்போது வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலை இது. அரை நாளுக்கு உரிய மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்கமுடியவில்லை என்றால் கரைசலாகவோ தோலுக்குக் கீழ் ஊசியாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். பனடோலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால் நாளுக்கு 500 மி.கி. குளிசை எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளிக்கும் அதிலும் குறைவு.

முதல் இரண்டு மூன்று நாள் நித்திரை அதிகமாக இருக்கும். பல நாள் வலியில் தூங்காதவர் தூங்குகிறார், பயப்படவேண்டாம். வாந்தி உணர்வும் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கும். பயப்படவேண்டியது, தட்டி எழுப்பியும் கண் திறக்காதது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே இறங்குவது, கண்மணி ஊசிமுனை அளவாகச் சுருங்குவது. முதல் இரண்டில் ஒன்று வந்தாலே, மூன்றுக்கும் காத்திராமல், அடுத்த வேளையை நிறுத்தி உடனே வைத்தியரை அழையுங்கள்.

இனி, குளிசை முடிந்துபோகும் பிரச்சினை. மோர்பின் தெருவிலுள்ள ஃபாமசியில் வாங்கும் சாமான் அல்ல. போயா, ஞாயிறு, தீபாவளி, பெருநாள் என்று கிளினிக் இல்லாத நாட்களைக் கலண்டரில் பார்த்து, கையில் ஐந்து நாளுக்கு இருக்கும்போதே அடுத்ததற்குப் போகவேண்டும். மாரியில் இன்னும் கவனம். மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்துப் பாதைகள் மூடும். ஐப்பசி தொடங்கும்போதே இரண்டு கிழமைக்குத் தரமுடியுமா என்று கேட்டுவையுங்கள். நோயாளி வராமல், கிளினிக் கொப்பியோடு உறவினர் வந்து வாங்கலாமா என்பதையும் முன்னமே பேசிவையுங்கள்.

வயிறும் சலமும்

மோர்பினால் வரும் நித்திரை மயக்கம் குறையும், மலச்சிக்கல் குறையாது. மோர்பின் தொடங்கும் அதே நாளில் மலமிளக்கியும் தொடங்கவேண்டும். பிசாகொடில் அல்லது சென்னா இரவில், தேவைப்பட்டால் லக்டுலோஸ் பாணி 15 மி.லீ. காலை மாலை என்று எழுதுவார்கள். கொடுக்கும் ஆள் "இன்றைக்குப் போனதுதானே" என்று நிறுத்திவிடுவதுதான் வழமையான பிழை. இன்றைக்குப் போனது அந்த மருந்தால்தான். இசப்கோல் போன்ற நார் மருந்துகளும் இங்கே உதவாது, தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு அது குடலில் கட்டியாகிவிடும்.

மூன்று நாள் போகாவிட்டால் நாலாம் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. பல நாள் போகாதிருந்து திடீரென்று தண்ணியாகக் கசிந்தால் அதை வயிற்றோட்டம் என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் குளிசை கொடுக்காதீர்கள். இறுகிய மலம் கீழே அடைத்திருக்க, மேலேயுள்ள திரவம் அதைச் சுற்றி வழிகிறது. மலமிளக்கியை நிறுத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். தாதி ஒருவர் விரலால் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அமைதியாக இருந்தவர் புரண்டு, துணியைப் பிய்த்து, எழும்பப் பார்த்தால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, அழுத்தினால் முகம் சுளிக்கும்படி இருந்தால் சலம் தேங்கிவிட்டது. குழாய் போட்டிருந்தாலும் இது வரும்: பை நிரம்பி வழியும், குழாய் தொடைக்குக் கீழே மடிந்திருக்கும், அல்லது உள்ளே படிவு அடைத்திருக்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், நிலத்தில் படக்கூடாது. பிரட்டும்போது அதை வயிற்றின் மேல் தூக்கிப் போடாதீர்கள், பையிலுள்ள சலம் திரும்ப உள்ளே ஓடும்.

இரவுக் குழப்பத்துக்கு இந்த இரண்டும்தான் நான் முதலில் தேடச் சொல்லும் காரணங்கள். காய்ச்சல், புதிதாகக் கூட்டிய மருந்து, நித்திரைக் குறைவு எல்லாம் அடுத்தது. செத்துப்போன அம்மா வாசலில் நிற்கிறா என்று அவர் சொன்னால் வாதாடவேண்டாம், பயமுறுத்தாத தோற்றமென்றால் திருத்தவும் வேண்டாம். சிறிய வெளிச்சம் ஒன்று, பழகிய குரல் ஒன்று போதும். கையைக் கட்டிலில் கட்டுவது குழப்பத்தைக் கூட்டும். குழப்பத்தைத் தணிக்கும் ஹலோபெரிடோல் சிறு அளவில் வீட்டில் வைத்திருக்கலாமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கச்சான் காற்றும் காய்ந்த வாயும்

வைகாசி முடிந்து கச்சான் வீசத் தொடங்கினால் இந்த மாவட்டத்தில் பகல் முழுவதும் அனல். வாயைத் திறந்து மூச்சுவிடும் நோயாளியின் நாக்கு ஒரு மணி நேரத்தில் வெடித்துவிடும். தகரம் அல்லது சீற் கூரைக்கு நேர் கீழே கட்டில் வேண்டாம். மேற்குச் சுவரையும் தவிருங்கள், பின்னேர வெயில் அங்கேதான் ஏறும். காற்று வரும் யன்னலில் ஈரச் சாரம் ஒன்றைக் கட்டினால் அறை குளிரும்.

வாய்க்குக் கழுவும் நீர்: கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றர், அதில் அப்பச்சோடா ஒரு மட்டத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. நாளுக்கு நாள் புதிதாகக் கலக்கவேண்டும். மென்மையான பிரஷ்சை அல்லது விரலில் சுற்றிய துணியை நனைத்துப் பிழிந்து, பல், கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, அண்ணம் என்று இரண்டு மணிக்கு ஒருமுறை துடையுங்கள். கச்சான் காலத்தில் மணிக்கு ஒருமுறை. உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது, ஆனால் ஒட்சிசன் போட்டிருப்பவருக்கு எண்ணெயோ வாசலினோ பூசக்கூடாது. துடைத்தாலும் மறுபடி படியும் வெள்ளைப் படை இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். நிஸ்டற்றின் சொட்டு மருந்து வேண்டும், அதுவரை சாப்பாடு ஏன் இறங்கவில்லை என்று வீட்டார் தங்களையே நொந்துகொள்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒளிக்காமல் எழுதவேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பாசம் கோப்பையில்தான் தெரியும். உடம்பு ஒடுங்கும்போது பசி முதலில் போகும். அவர் சாப்பிடாததால் சாகவில்லை, சாகிற உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை. கஞ்சியோ செவ்விளநீரோ அரைக் கரண்டி, தலைப்பக்கம் உயர்த்தி, நாடி (மோவாய்) சற்றுக் கீழே சாய்ந்திருக்க. விழுங்கியதைப் பார்த்துத்தான் அடுத்த கரண்டி. இருமினால் அன்றைக்கு அவ்வளவுதான். முடிந்தபின் அரை மணி நேரம் சாய்த்தே வைத்திருங்கள். மூக்கைப் பிடித்துப் பருக்கினால் நுரையீரலுக்குத்தான் போகும்.

"ஒரு சேலைன் ஏற்றினால் தெம்பு வரும்" என்ற வற்புறுத்தல் எல்லா வீட்டிலும் வரும். 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லீற்றரில் இருப்பது 50 கிராம் சீனிதான், சாதாரண சேலைனில் அதுவும் இல்லை. கடைசி நாட்களில் அந்தத் தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் போய்ச் சேரும்.

படுக்கை

இரண்டு மணிக்கு ஒருமுறை பிரட்டவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் பிழை. முழுதாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலகாணி வைத்து 30 பாகை சரித்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலகாணி, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிக்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலகாணி வேண்டாம், வளையம் சுற்றிலும் அழுத்தி நடுத்தோலுக்கு இரத்தம் போகாமல் செய்யும். தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம். மடித்த பழைய சாரம் ஒன்றைத் தோளிலிருந்து தொடைவரை கீழே விரித்துவைத்தால் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். இழுத்தால் தோல் உரியும். கட்டில் பதிவாக இருந்தால் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து உயர்த்துங்கள், பார்ப்பவரின் நாரி தப்பும்.

காற்று மெத்தை வாடகைக்கு எடுத்தாலும் பிரட்டுவதை நிறுத்தக் கூடாது. அதன் கீழே பஞ்சு மெத்தை இருக்கவேண்டும், கரண்ட் நின்று காற்று இறங்கினால் பலகையில் கிடப்பார். மேலே ஒரு பருத்தித் துணி மட்டும். றெக்சின், பம்பஸ், மடிப்புப் போர்வை என்று அடுக்கினால் மெத்தையின் பயன் போய்விடும், வியர்வையும் தேங்கும்.

புண் நாறினால் நோயாளி கூச்சத்தில் ஆட்களைச் சந்திக்காமல் விடுவார். மெட்ரோனிடசோல் குளிசையை நன்றாகப் பொடித்து, கழுவிய புண்ணில் தூவினால் சில நாளில் மணம் குறையும், வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். கழுவ, கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு. டெட்டோல், ஸ்பிரிட் வேண்டாம். கழுத்திலோ வாயிலோ உள்ள புற்றுப்புண் இரத்தம் கக்கக்கூடும் என்று எச்சரித்திருந்தால் கரும் நிறத் துவாய்கள் நாலைந்து பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் இரத்தம் பல மடங்காய்த் தெரியும், நோயாளியின் பயமும் அப்படியே ஏறும்.

மூச்சு முட்டினால் முதலில் முகத்துக்குக் காற்று. கைவிசிறியோ சின்ன ஃபானோ மூக்கையும் கன்னத்தையும் நோக்கி இருக்கட்டும். கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலகாணி போட்டுச் சாய விடுங்கள். சுற்றி நிற்பவர்களை அறைக்கு வெளியே அனுப்புங்கள். சிறு அளவு மோர்பின் மூச்சுத் திணறலுக்கும் மருந்து, நேரத்தோடு கேட்டுவையுங்கள்.

யார் முடிவெடுப்பது

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகனுக்கு அப்பாவை மெலிவு தெரியாத ஒரு பழைய முகமாகத்தான் ஞாபகம். அவர் "ஐசியூவில் போடுங்கோ, காசு அனுப்புறன்" என்று சொல்வது பாசத்தில்தான். பக்கத்தில் நின்று பார்க்கும் அக்கா அதை எதிர்த்துப் பேசமுடியாமல் வாகனம் பிடிப்பா. ஆகவே நோயாளி தெளிவாக இருக்கும்போதே, வீடியோ அழைப்பில் எல்லாரையும் வைத்துக்கொண்டு, மூச்சுக் குழாய் வேண்டுமா, எங்கே இருக்க விருப்பம், யார் சொல்வது கடைசி வார்த்தை என்று அவரிடமே கேளுங்கள். "அவருக்கு நோய் தெரியாது, சொல்லவேண்டாம்" என்பவர்களுக்கு: அநேகமாக அவருக்குத் தெரியும். அவரும் உங்களுக்காக மறைத்துக்கொண்டிருப்பார். "என்ன நினைக்கிறீங்கள், என்ன பயமாக இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரவுக் காவலை ஒரே பெண்ணின் தலையில் போடாதீர்கள். 10 முதல் 2, 2 முதல் 6 என்று முறை வைத்து ஆம்பிளைகளும் பிரட்டப் பழகட்டும்.

கடைசி நாட்கள்

நாள் முழுவதும் நித்திரை. விழுங்குவதில்லை. சலம் கறுத்துக் குறையும். கை கால் குளிரும், முழங்காலில் ஊதாப் படலம் தெரியும். மூச்சு வேகமெடுத்து, மெலிந்து, பத்து இருபது விநாடி நின்று மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரச் சத்தம் வரும். இது கேட்பவர்களை உலுக்கும், ஆனால் அவருக்கு மூச்சடைக்கவில்லை. விழுங்கமுடியாத உமிழ்நீர் அங்கே தேங்கிச் சத்தம் போடுகிறது. பக்கவாட்டில் சரித்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் பாதி குறையும். இயந்திரத்தால் உறிஞ்சுவது உதவுவதில்லை, நோவும். உமிழ்நீர் சுரப்பதைக் குறைக்கும் ஹையோசின் ஊசியைச் சத்தம் தொடங்கியவுடனேயே கொடுத்தால்தான் பலன், தேங்கியதை அது வற்றவைக்காது. பால் வார்ப்பதும் கங்கை நீரும் சம்சம் நீரும் கொடுப்பதும் விட்டுவிடமுடியாத கடமைகள். பக்கவாட்டில் சரித்திருக்கும்போது பஞ்சில் நனைத்து உதட்டிலும் கீழ்க்கன்னத்தின் உள்ளேயும் தொட்டுவிடுங்கள். மல்லாக்காகக் கிடப்பவரின் தொண்டைக்குள் ஊற்றவேண்டாம். தேவாரமோ யாசீனோ செபமாலையோ, காது கேட்கும் என்று எண்ணியே ஓதுங்கள்.

மூச்சு நின்றபின் அவசரம் எதுவும் இல்லை. நேரத்தைக் குறியுங்கள். உயிர் போனபிறகு வாகனத்தில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினால், இறந்து கொண்டுவரப்பட்டவர் என்று திடீர் மரண விசாரணைக்குள் போய் உடல் கிடைக்கத் தாமதமாகலாம். அன்றே அடக்கம் செய்யும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது பெரிய வேதனை. வீட்டில் நோயால் நிகழ்ந்த மரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடம் டயக்னோசிஸ் காட்டோடு போய் அறிக்கை பெற்று, பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதியவேண்டும். படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கிராம உத்தியோகத்தருக்கு முன்பே சொல்லிவைத்திருந்தால் வேலை இலகு.

கண்ணை மெதுவாக மூடி அரை நிமிடம் பிடியுங்கள், நாடிக்குக் கீழே சுருட்டிய துவாய் ஒன்று. உடல் விறைக்க முன், இரண்டு மணி நேரத்துக்குள் கை கால்களை நேராக்குங்கள். சலக் குழாயை இழுக்காதீர்கள், பக்கக் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி உள்ளே உள்ள பலூன் நீரை, வழக்கமாக 10 மி.லீ., எடுத்தபின்தான் வரும். தகனம் என்றால், பேஸ்மேக்கர் பொருத்தியவரா என்று சொல்லவேண்டும். அது வெப்பத்தில் வெடிக்கும், முன்பே எடுத்துவிடவேண்டும்.

மிஞ்சிய மோர்பினை எண்ணி, கொப்பியில் எழுதி, கொடுத்த வைத்தியசாலையிலேயே திருப்பிக் கொடுங்கள். நாரி வலிக்கிறது என்று வரும் அயலவருக்கு ஒரு குளிசைகூடக் கொடுக்கவேண்டாம்.